யானையை வாங்கியவர் தீனியும் போட வேண்டும்

(கால்பந்து கிளப்புகளின் உரிமையும் பொறுப்பும் என்ற தலைப்பில் இளைஞர்களுக்கான மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் ஏதேனும் ஒரு வெளிநாட்டு கிளப்பின் பனியன் அணிந்து வந்திருக்கிறீர்கள். அந்த கிளப்பின் ஆட்டக்காரர்கள் யார் யார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வீர்கள். யார் எத்தனை கோல் அடித்தார் என்ற கணக்கு விரல் நுனியில் இருக்கும். நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். அந்த கிளப் யாருடையது? அதற்குக் கடன் எவ்வளவு? அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவது யார்? நாளைக்கு அதன் முதலாளி கையை விரித்துவிட்டால், சம்பளத்தை நம்பி அங்கே வேலை பார்க்கும் சமையற்காரரின் கதி என்ன?

பெரும்பாலோர் மௌனமாக இருக்கிறீர்கள். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. கோலை எண்ணத் தெரிந்த நாம் கணக்கை எண்ணப் பழகவில்லை என்பதைச் சுட்டிக்காட்டவே கேட்டேன். இன்றைய உரை அந்தக் கணக்கைப் பற்றியது.

ஒரு ஊரின் கதை

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு வடக்கே பரி என்று ஓர் ஊர். பெரிய ஊர் அல்ல. அங்கே 1885இல் ஒரு கால்பந்து கிளப் தொடங்கப்பட்டது. 1900இலும் 1903இலும் இங்கிலாந்தின் புகழ்மிக்க எஃப்.ஏ. கோப்பையை அந்த கிளப் வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுண்டி அணியை 6-0 என்று தோற்கடித்தது. அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வேறெந்த அணியும் அந்த இறுதி ஆட்டத்தை வென்றதில்லை. 116 ஆண்டுகள் கழித்து 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி அதே 6-0 கணக்கில் வென்று அந்தச் சாதனையைச் சமன் செய்தது.

அதே 2019இல் பரி கிளப் என்ன ஆயிற்று தெரியுமா?

முந்தைய உரிமையாளரின் காலத்திலேயே வரவுக்கு மீறிச் செலவு செய்தார்கள். மைதானம் அடமானத்தில் இருந்தது. மைதானத்தின் வாகன நிறுத்துமிடங்களைக்கூடத் துண்டு துண்டாக முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தார்கள். 2018 டிசம்பரில் அந்த கிளப் கை மாறியது. விலை எவ்வளவு? ஒரே ஒரு பவுண்டு! ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூட இல்லை. வாங்கியவரோ பரி என்று ஒரு கால்பந்து கிளப் இருப்பதே தமக்கு முன்பு தெரியாது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். கிளப்பை நடத்தக் கையில் பணம் இருக்கிறது என்பதற்கான சான்றை வாங்குவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அன்றைய லீக் விதிகளில் இருக்கவில்லை.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. ஊழியர்களுக்கும் வரவில்லை. அப்படியிருந்தும் அந்த ஆட்டக்காரர்கள் 2019 வசந்தத்தில் அணியை மேல் பிரிவுக்கு உயர்த்தினார்கள். பட்டினியோடு ஓடி வென்றார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த சீசன் தொடங்கியபோது, பணம் இருப்பதற்கான சான்றைக் காட்டாததால் லீக் அவர்களுடைய ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைத்தது.

2019 ஆகஸ்ட் 27. கடைசிக் கெடு. யாரோ வாங்க வருகிறார்கள் என்ற நம்பிக்கையில் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக மைதானத்திற்கு வந்து நாற்காலிகளைத் துடைத்தார்கள். அடுத்த ஆட்டத்திற்கு மைதானம் தயாராக இருக்க வேண்டுமாம்! முன்னாள் இயக்குநரான ஒரு பெண்மணி அதற்குச் சில நாட்கள் முன்பு மைதானத்துக் குழாயோடு தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினார். அன்று மாலை, வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கியது. இரவில் லீக் அறிவித்தது: பரி கிளப் நீக்கப்பட்டது. 1894 முதல் 125 ஆண்டுகள் இடைவிடாமல் இருந்த இடம் ஒரே இரவில் போயிற்று.

துடைப்பம் பிடித்த அந்தக் கைகளில் ஒன்றுக்காவது கிளப்பின் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் உரிமை இருந்ததா? இல்லை. கையெழுத்துப் போடும் உரிமை இருந்தவருக்கு ஊர் மீது பற்று இருந்ததா? அதுவும் இல்லை. உரிமை ஓரிடத்தில், இழப்பு வேறோரிடத்தில். இதுதான் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

வரவு எது? செலவு எது?

ஒரு தொழில்முறை கிளப்புக்கு மூன்று வழிகளில்தான் பணம் வருகிறது. ஒன்று, ஆட்ட நாளில் டிக்கெட்டும் தின்பண்டமும் விற்கும் பணம். இரண்டு, தொலைக்காட்சி உரிமைப் பணம். மூன்று, பனியன் விற்பனை, விளம்பரதாரர் தரும் தொகை முதலியவை. இவை தவிர ஆட்டக்காரர்களை விற்றால் கிடைக்கும் தொகை. அது ஆண்டுதோறும் வரும் என்ற உறுதி இல்லை.

செலவில் தலையானது சம்பளம். இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கிளப்புகளின் மொத்தச் சம்பளச் செலவு சில ஆண்டுகளில் அவற்றின் மொத்த வருமானத்தையே தாண்டியிருக்கிறது. நூறு ரூபாய் சம்பாதித்து நூற்றைந்து ரூபாயைச் சம்பளமாகக் கொடுக்கும் மளிகைக் கடையை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா? மின்சாரக் கட்டணமும் பயணச் செலவும் வரியும் அதற்கு மேல்!

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? முதல் பிரிவுக்கு ஏறிவிட்டால் தொலைக்காட்சிப் பணம் பல மடங்காகும். அந்த ஆசைதான் காரணம். ஏறியபின் இறங்கினாலும் மூன்றாண்டுகள் வரை ஈட்டுத் தொகை கிடைக்கும். முதலாண்டு சமபங்குத் தொகையில் 55 சதவிகிதம், அடுத்து 45, அதற்கடுத்து 20. அந்தத் தொகை பெறும் கிளப்போடு பெறாத கிளப் போட்டியிட வேண்டுமானால் கடன் வாங்கித்தான் செலவு செய்ய வேண்டும். 24 கிளப்புகள் ஓட, மூன்றுதான் ஏற முடியும். மற்ற 21 கிளப்புகளும் சீட்டுக் கட்டியவனைப் போலத் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான்.

இன்னொரு நுட்பத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஆட்டக்காரரை 5 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வீதம்தான் செலவாக எழுதுவார்கள். ஆனால் சொந்த ஊரில் வளர்த்த ஒரு இளைஞனை விற்றால், விற்ற தொகை முழுவதும் அதே ஆண்டில் லாபமாக எழுதப்படும். இதனால் என்ன ஆகிறது? கணக்கைச் சரிக்கட்ட வேண்டிய நெருக்கடி வரும்போது முதலில் விற்கப்படுபவன் ஊர்ப்பிள்ளை! ரசிகர்கள் எவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைக்கிறார்களோ அவனே கணக்கருக்கு மிக வசதியான சரக்கு.

இந்த ஓட்டத்திற்குக் கடிவாளம் போட விதிகள் வந்தன. மூன்றாண்டுகளில் 10 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று பிரிமியர் லீக் விதித்தது. அந்த வரம்பை மீறியதற்காக 2023 நவம்பரில் எவர்டன் கிளப்புக்கு 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. ஆடியவர்கள் களத்தில் சம்பாதித்ததை அலுவலகத்தில் அமர்ந்தவர்கள் தொலைத்தார்கள்.

கொடுத்த பணமா, கொடுத்த கடனா?

முதலாளி பணம் போடுகிறார் என்று பத்திரிகைகள் எழுதும். எப்படிப் போடுகிறார் என்பதை நாம் கேட்க வேண்டும். பங்காகப் போட்டால் அது கிளப்பின் முதல். கடனாகப் போட்டால் அது கிளப்பின் தலையில் ஏற்றிய சுமை. கடன் வாங்கிக் கிளப்பையே வாங்கினால்? அதுவும் நடந்தது.

2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பைச் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனின் பாரம் வாங்கப்பட்ட கிளப்பின் மீதே விழுந்தது. அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப், தன்னை விலைக்கு வாங்கியதற்கான வட்டியைத் தானே கட்டத் தொடங்கியது! மாட்டை வாங்கியவர், மாட்டின் விலையை மாட்டிடமே வசூலித்த கதை. மனம் வெறுத்த ரசிகர்களில் ஒரு சாரார் அதே ஆண்டில் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற பெயரில், உறுப்பினர்களுக்கே சொந்தமான புதிய கிளப்பைத் தொடங்கினார்கள்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. லெஸ்டர் சிட்டி கிளப்பை 2010இல் வாங்கிய தாய்லாந்து வணிகர் விச்சை ஸ்ரீவத்தனபிரபா, கிளப்புக்குத் தந்திருந்த 10 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கடனை 2013இல் பங்காக மாற்றி, கிளப்பைக் கடனிலிருந்து விடுவித்தார். 2016இல் அந்த கிளப் பிரிமியர் லீகையே வென்று உலகை வியக்க வைத்தது. 2018 அக்டோபரில் மைதானத்திற்கு அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தபோது ஊரே அழுதது. ஆனால் நல்ல உரிமையாளர் இருந்தால் மட்டும் போதுமா? 2022-23இல் அதே லெஸ்டரில் மொத்த வருமானத்தைவிடச் சம்பளச் செலவு அதிகமாக இருந்தது. அந்த ஆண்டே கீழே இறங்கியது. நல்ல மனம் கணக்குக்குப் பதிலாகாது.

செல்சி கிளப்பைப் பாருங்கள். ரஷ்யச் செல்வந்தர் ரோமன் அப்ரமோவிச் 2003இல் வாங்கினார். கோப்பைகள் குவிந்தன. 2022இல் உக்ரைன் போரையொட்டி பிரிட்டிஷ் அரசு அவர் சொத்துக்களை முடக்கியபோது, கிளப் ஒரே நாளில் டிக்கெட் விற்கவும் முடியாமல், ஆட்டக்காரர்களை வாங்கவும் முடியாமல் நின்றது. அவருக்கு கிளப் திருப்பித் தர வேண்டியிருந்த சுமார் 150 கோடி பவுண்டுக் கடன் கைவிடப்பட்டு, கிளப் 250 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது. ஒரே மனிதரின் பையை நம்பி நிற்கும் எதுவும் அந்த மனிதரின் விதியோடு கட்டுண்டு கிடக்கும். இதைவிட வேறு சான்று வேண்டுமா?

யார் பாக்கி முதலில்?

சகோதரர்களே! கிளப் நொடித்துப் போனால் யாருக்கு முதலில் பணம் கொடுப்பது? இங்கேதான் மனச்சாட்சியை உறுத்தும் ஒரு செய்தி இருக்கிறது.

போர்ட்ஸ்மவுத் கிளப் 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. வெளிச்சம் எல்லாம் கோப்பை மீது. இருட்டில் கடன் ஏறிக்கொண்டிருந்தது. 2009-10 சீசனில் மட்டும் நான்கு பேர் மாறி மாறி அதன் உரிமையாளர்களாக இருந்தார்கள். 2010 பிப்ரவரியில் கடன் நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் பிரிமியர் லீக் கிளப் என்ற அவப்பெயர் அதற்கு வந்தது. கடன்காரர் பட்டியலைப் பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு நிறுவனத்திற்கு 2,702 பவுண்டு பாக்கி! ஆட்டத்தின்போது மயங்கி விழுபவரைத் தூக்கிச் செல்லும் தொண்டர்களுக்குக் கொடுக்க வேண்டிய சிறு தொகை அது. ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் சில மணி நேரத்தில் சம்பாதிக்கும் பணம்.

லீக்கின் விதி என்ன தெரியுமா? ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கியை முழுமையாகக் கொடுத்தால்தான் போட்டியில் தொடரலாம். வரித்துறை, கடைக்காரர், ஆம்புலன்ஸ் எல்லோரும் அன்று மிச்சம் இருப்பதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போர்ட்ஸ்மவுத்தில் அவர்களுக்குப் பேசப்பட்டது பவுண்டுக்கு 20 பென்ஸ். இந்த விதியை எதிர்த்து பிரிட்டிஷ் வரித்துறை வழக்குத் தொடுத்தது. 2012இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

வலியவனுக்கு முழுத் தொகை, எளியவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு. சட்டப்படி சரியாக இருக்கலாம். நியாயப்படி சரியா? கூலியை வியர்வை உலருமுன் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

மைதானம் யார் பெயரில்?

கிளப்பின் உண்மையான சொத்து மைதானம்தான். ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். மண் இருக்கும். டெர்பி கவுண்டியின் முதலாளி 2018இல் கிளப்பின் மைதானத்தை 8 கோடி பவுண்டுக்குத் தம்முடைய வேறொரு நிறுவனத்துக்கே விற்று நஷ்டத்தை மறைத்துக் காட்டினார். இடது கையிலிருந்து வலது கைக்கு! கணக்கில் லாபம் தெரிந்தது. 2021 செப்டம்பரில் அந்த கிளப் கடன் நிர்வாகியிடம் போயிற்று. மொத்தம் 21 புள்ளிகள் பறிபோயின. 2022இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. கடைசியில் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் மைதானத்தையும் கிளப்பையும் வாங்கிக் காப்பாற்றினார். பரி ஊரிலும் இதே பாடம்தான். மைதானம் அடமானத்தில், கிளப் ஒருவரிடம், கடன் எல்லோரிடமும்.

“நம்மவர்” வாங்கினால் போதுமா?

இப்போது உங்களில் சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அரபு நாட்டவர் ஒரு ஐரோப்பிய கிளப்பை வாங்கினார் என்றால் நம் இளைஞர்கள் சிலர் பெருமையோடு மார்தட்டுகிறார்கள். 2008இல் மான்செஸ்டர் சிட்டி, 2011இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், 2021இல் நியூகாஸில் யுனைடெட். நல்லது. ஆனால் மலாகாவை நினைத்துப் பார்த்தீர்களா?

ஸ்பெயினின் மலாகா கிளப்பை 2010இல் கத்தார் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் அப்துல்லாஹ் அல்தானி வாங்கினார். பெரும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 2013இல் சாம்பியன்ஸ் லீகின் கால் இறுதி வரை சென்றது. ஆனால் அதற்கு முன்பே பாக்கிகள் நின்றுபோயின. பாக்கி வைத்ததற்காக ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் அந்த கிளப்பை ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து தடை செய்தது. 2018இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2020 பிப்ரவரியில் ஸ்பெயின் நீதிமன்றம் அவரை நிர்வாகத்திலிருந்து விலக்கி, தானே ஒரு நிர்வாகியை நியமித்தது. 2023இல் மூன்றாம் பிரிவுக்கே போனது.

நம் நாட்டவர் வாங்கிய கதையும் உண்டு. பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை, அந்த ஊரிலேயே பிறந்த எஃகு வணிகர் ஜாக் வாக்கர் தம் செல்வத்தைக் கொட்டி 1995இல் பிரிமியர் லீக் சாம்பியனாக்கினார். 2010 நவம்பரில் அதைப் புனேயின் வெங்கீஸ் கோழி நிறுவனக் குடும்பம் வாங்கியது. அடுத்த மாதமே அனுபவமிக்க மேனேஜரை நீக்கினார்கள். 2012இல் கிளப் இறங்கியது. கோபமுற்ற ரசிகர் ஒருவர் ஆட்டத்தின் நடுவே மைதானத்திற்குள் கோழியையே விட்டார்! நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் ஓடிப்போகவில்லை. ஆண்டுதோறும் நஷ்டத்தை ஈடுகட்டப் பணம் அனுப்பியது. ஆனால் 2023இல் அந்தப் பணத்தை அனுப்புவதற்கே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கும் நிலை வந்தது. பல்லாயிரம் மைல் தொலைவில் உள்ள ஒரு வழக்கு, பிளாக்பர்னில் பந்து உதைப்பவனின் சம்பளத்தைத் தொட்டது.

ஆகவே, உரிமையாளர் எந்த நாட்டவர், எந்தச் சமூகத்தவர் என்பது முதல் கேள்வியல்ல. கணக்கு நேர்மையானதா, பாக்கி தீர்க்கப்படுகிறதா என்பதே முதல் கேள்வி. நம்மவர் தவறினால் நாமே முதலில் கேட்க வேண்டும்.

மக்கள் கையில் இருந்தால்?

ஜெர்மனியில் ஒரு விதி. கிளப்பின் வாக்குரிமையில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். 1998இல் கிளப்புகள் நிறுவனங்களாக மாற அனுமதிக்கப்பட்டபோது வந்த பாதுகாப்பு அது. விதிவிலக்குகள் உண்டு. லீவர்குசன் பேயர் நிறுவனத்தின் கையில், வொல்ஃப்ஸ்பர்க் வோக்ஸ்வேகன் கையில். ஆயினும் பெரும்பாலான கிளப்புகளில் ரசிகனின் குரலுக்கு எடை இருக்கிறது. லீகின் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குத் தரும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் மைதானங்களுக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

உடனே “மக்கள் கையில் கொடுத்தால் எல்லாம் சரி” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பார்சிலோனா கிளப் உறுப்பினர்களுக்குச் சொந்தமானது. தலைவரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே பார்சிலோனாவின் கடன் 135 கோடி யூரோ என்று 2021 ஆகஸ்டில் அதன் தலைவரே அறிவித்தார். லியோனல் மெஸ்ஸியை வைத்துக்கொள்ள வழியின்றிக் கண்ணீரோடு அனுப்பி வைத்தார்கள். வாக்குக் கேட்பவர் நட்சத்திரங்களை வாக்களிக்கிறார். பில் அடுத்த நிர்வாகத்தின் தலையில். அரசியலில் நாம் காணாததா?

போர்ட்ஸ்மவுத் ரசிகர்களோ 2013இல் பணம் திரட்டி கிளப்பை மீட்டார்கள். சிக்கனமாக நடத்திக் கடனை அடைத்தார்கள். 2017இல் மேலும் முதலீடு தேவை என்று உணர்ந்து, உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி, மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனத்திற்கு விற்றார்கள். விற்றார்களே என்று வருந்த வேண்டியதில்லை. கேட்டுவிட்டு விற்றார்கள். அதுதான் வேறுபாடு.

கல்கத்தாவின் முகம்மதன்

இந்தியாவுக்கு வருவோம். கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப் 1891இல் பிறந்தது. 1934இல் கல்கத்தா லீகை வென்ற முதல் இந்திய கிளப் அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை! 1940இல் டூராண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய கிளப்பும் அதுவே. வெள்ளையர் ராணுவ அணிகளை வீழ்த்திய அந்த வெற்றிகளை அன்றைய முஸ்லிம் இந்தியா தன் வெற்றியாகக் கொண்டாடியது.

பெருமை இருந்தது, பணம் இல்லை. முதலீட்டாளர்களை நாட வேண்டியிருந்தது. 2024இல் ஐ-லீகை வென்று இந்தியன் சூப்பர் லீகில் நுழைந்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2024-25 சீசனில் சம்பளப் பாக்கி. ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். அணி கடைசி இடத்தில் முடிந்தது. 1934ஐப் பேசிக்கொண்டே 2025இன் சம்பளத்தைப் பாக்கி வைக்கலாமா? முன்னோரின் புகழ் வங்கியில் செல்லாது, சகோதரர்களே!

முகம்மதன் மட்டுமல்ல. 2025இல் இந்தியன் சூப்பர் லீகை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபட்டபோது, நம் சென்னையின் சென்னையின் எஃப்.சி. கிளப்பே ஆகஸ்ட் மாதம் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்ததாக அறிவித்தது. லீக் எப்போது தொடங்கும் என்று தெரியாத நிலையில் எந்த முதலாளி சம்பளத்திற்கு உறுதி சொல்வார்? உரிமையாளரின் பொறுப்பைப் பேசும்போது லீகை நடத்துவோரின் பொறுப்பையும் பேச வேண்டும்.

சட்டம் வந்தது

பரியின் கண்ணீர் வீண் போகவில்லை. 2021 ஏப்ரலில் 12 பெரும் கிளப்புகள் ரசிகர்களைக் கேளாமல் தனி சூப்பர் லீக் அமைக்க முயன்று, எதிர்ப்புக்கு அஞ்சிச் சில நாட்களில் சிதறின. அதன்பின் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆய்வு 2021 நவம்பரில் பரிந்துரைகளைத் தந்தது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திரமான ஓர் ஒழுங்காணையம். முதல் ஐந்து பிரிவுகளின் கிளப்புகளும் அதனிடம் உரிமம் பெற வேண்டும். உரிமையாளரின் தகுதியும் பணத்தின் மூலமும் ஆராயப்படும். மைதானத்தை விற்பதற்குத் தடைகள் உண்டு. சின்னத்தையும் நிறத்தையும் ரசிகர்களைக் கேளாமல் மாற்ற முடியாது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் “என் சொத்து, என் இஷ்டம்” என்ற வாதத்திற்கு ஒரு நாட்டின் நாடாளுமன்றமே இல்லை என்று சொல்லிவிட்டது. கிளப் முதலாளியின் பெயரில் இருக்கலாம். அது ஊரின் அமானிதம்.

என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் எந்த கிளப்பின் ரசிகராக இருந்தாலும், எந்த மன்றத்தின் உறுப்பினராக இருந்தாலும் ஐந்து கேள்விகளை மறவாதீர்கள்.

1. வருமானத்தில் எத்தனை பங்கு சம்பளத்திற்குப் போகிறது?
2. முதலாளி போட்ட பணம் பங்கா, கடனா? கடன் என்றால் வட்டி யார் கட்டுகிறார்?
3. மைதானம் யார் பெயரில் இருக்கிறது? அடமானம் உண்டா?
4. சிறிய பாக்கிகள் உரிய நேரத்தில் தீர்க்கப்படுகின்றனவா?
5. முதலாளி நாளை விலகினால் கிளப் எத்தனை மாதம் தாக்குப் பிடிக்கும்?

இந்த ஐந்துக்கும் பதில் சொல்ல மறுக்கும் நிர்வாகம் எத்தனை கோப்பை வென்றாலும் அதை நம்பாதீர்கள்.

பரியின் முடிவைச் சொல்லாமல் போனால் உரை முழுமையாகாது. நீக்கப்பட்ட பின் ரசிகர்கள் புதிய அணி ஒன்றைத் தொடங்கி 2020 முதல் கீழ்ப்பிரிவில் ஆடினார்கள். 2022இல் அரசின் சமூக உடைமை நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்டும் நலவிரும்பிகளின் உதவியும் சேர்ந்து, பழைய மைதானத்தை ரசிகர் அமைப்பு மீட்டது. ரசிகர்களுக்குள்ளேயே இரு பிரிவு இருந்தது. 2022இல் நடந்த முதல் இணைப்பு வாக்கெடுப்பு தோற்றது. பொறுமையோடு பேசி, 2023இல் மீண்டும் வாக்கெடுத்து ஒன்று சேர்ந்தார்கள். அந்த ஆண்டே பரி என்ற பெயர் தன் சொந்த மைதானத்திற்குத் திரும்பியது. மூன்றாம் பிரிவில் அல்ல, ஒன்பதாம் பிரிவில்.

ஒன்பதாம் பிரிவென்றாலும் பரவாயில்லை என்று ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அன்று துடைப்பம் பிடித்தவர்களுக்கு இன்று வாக்குச்சீட்டும் இருக்கிறது.

யானையைக் கட்டித் தீனி போடுவது எளிதல்ல. போட முடியாதவர் யானையை வாங்கக் கூடாது. வாங்கிய பின் தீனி போடாமல், அதன் தந்தத்தை மட்டும் அறுத்து விற்கவும் கூடாது. இது கால்பந்து கிளப்புக்கு மட்டும் பொருந்தும் சொல் அல்ல. பொதுச் சொத்தைத் தம் பெயரில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். நாளை நம் ஊர் மன்றத்தின் கணக்குப் புத்தகத்தை யாரேனும் கேட்டால், முகம் சுளிக்காமல் எடுத்து வைப்போம். அங்கிருந்து தொடங்குவோம்.